யாரும் பற்றவைக்காத அடுப்பு

செஞ்சிக் கோட்டையில் ராஜாக்கள் இருந்த காலத்தில் என் அம்மாவைக் காவலுக்கு நிறுத்தியிருந்தால் எந்தப் படையும் உள்ளே நுழைந்திருக்காது. "இன்னா வேணும்? அப்படியே திரும்பிப் போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள், போயிருப்பார்கள். அப்படி ஒரு பிடிவாதக்காரி. அவள் பெற்ற எனக்கும் அதில் பாதி இருக்கிறது என்று அண்ணன் சொல்வான். பாதிதான் என்பதால்தான் நான் பிழைத்தேன்.

நாங்கள் சமணர்கள். அம்மா பிறந்தது மேல்சித்தாமூரில், வாழ்க்கைப்பட்டு வந்தது செஞ்சிக்கு. நைனா, அதாவது எங்கள் அப்பா, எங்களுடைய சின்ன வயதிலேயே போய்விட்டார். அண்ணன் கடைத்தெருவில் மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். நான் வீட்டில் தையல் மெஷினும் அடுப்பும் அம்மாவும் என்று மூன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணப் பேச்சு வந்து வந்து போய்க்கொண்டிருந்த காலம்.

இருட்டிய பிறகு சாப்பிடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எல்லாச் சமண வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் ஊரில் சூரியன் இரண்டு தடவை மறையும். முதலில் ராஜகிரி மலை அதை மறைக்கும். ஊரெல்லாம் நிழல் விழுந்த பிறகும் வானம் நெடுநேரம் வெளிச்சமாகவே இருக்கும். அப்புறம்தான் நிஜமான அஸ்தமனம். மற்றவர்கள் அந்த இரண்டாவதைக் கணக்கு வைத்துச் சாப்பிடுவார்கள். அம்மாவுக்கு முதலாவதுதான் கணக்கு. "கண்ணுக்கு சூரியன் தெரியணும். தெரியலன்னா எழுந்திரு." மலை மறைத்த நொடியில் வாயருகே போன கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவுகிறவள்.

ஆடிக் கடைசியில் மழை பிடித்திருந்தது. ஈர விறகு. அம்மா ஒவ்வொரு கட்டையையும் தரையில் தட்டி, ஊதிப் பார்த்து, அப்புறம்தான் அடுப்பில் வைப்பாள். அன்றைக்கும் தட்டித்தான் வைத்தாள். வேலிகாத்தான் கட்டை, ஒரு முனை நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகு, மறு முனையில் இருந்த சின்னப் பொந்திலிருந்து எறும்புகள் வந்தன. ஒவ்வொன்றும் வாயில் வெள்ளை முட்டையைக் கவ்விக்கொண்டு. வந்தவை எங்கே போவதென்று தெரியாமல் சூட்டில் சுருண்டு விழுந்தன. அம்மா கையால் கட்டையை இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கை வெந்துபோனதுதான் மிச்சம்.

"முட்டைய விடலடி அதுங்க" என்றாள். "தான் போனா போவுதுன்னு, முட்டைய விடலடி."

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து சாமி படத்துக்கு எதிரே நின்று சொல்லிவிட்டாள். இனிமேல் தன் வயிற்றுக்காக யாரும் எங்கேயும் நெருப்பு மூட்டக்கூடாது. அவ்வளவுதான். தீர்ந்தது கதை.

நான் விடுவேனா? "நானும் அண்ணனும் சாப்பிட எப்படியும் அடுப்பு எரியப் போவுது. அதே பானையில உனக்கு ஒரு பிடி அரிசி சேத்துப் போட்டா இன்னா கெட்டுப்போவுது?"

"அந்த ஒரு பிடி வேவுறதுக்கு அடுப்பு கொஞ்சம் கூட நேரம் எரியும் இல்ல? அது என் கணக்கு."

மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கித் தருகிறேன் என்றான் அண்ணன். அதுவும் நெருப்புதானே என்றாள். ஊறவைத்த பச்சைப்பயறு, வாழைப்பழம், தேங்காய்ச் சில்லு, இதுதான் அவள் சாப்பாடு. எங்களை எதுவும் சொல்லவில்லை. "நீங்க ஆக்கித் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் ஆக்கிய சோறு எனக்கு எப்படி இறங்கும்? எறும்புக்கு இரக்கப்படுகிற மனசு பெற்ற பெண்ணுக்கு இரங்காதா என்று வயிறு எரிந்தது. அப்படியே கேட்டும் விட்டேன்.

அவள் வயிறு பச்சையாக எதையும் ஏற்கவில்லை. வாரக் கணக்கில் வயிற்றுப்போக்கு. ஜாக்கெட்டை நான் பிடித்துத் தைக்கத் தைக்க அவள் இளைத்துக்கொண்டே போனாள். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "மருந்தெல்லாம் அப்புறம். சூடா கஞ்சி உள்ள போவணும். இல்லன்னா தாங்காது" என்றார்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் திண்டிவனத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டு வந்தான். ஏதோ நாடகக் கம்பெனி மூடிப்போய், மேடைக்கு அடிக்கிற போகஸ் லைட்டுகளை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். தகரமெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் உள்ளே இருந்த லென்ஸ்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம், ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் ஆப்பத்தின் நடுப்பாகம் போல உப்பல். கையில் வாங்கினால் கீழே இழுக்கிற கனம். நான் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கிணற்றுத் தண்ணீரை அப்படியே வட்டமாக வெட்டி எடுத்த மாதிரி இருந்தது.

தோட்டத்தில் வைத்து ஒன்றை வெயிலுக்குக் காட்டினான். கீழே துவைக்கிற கல்லின் மேல் ஒரு பெரிய மங்கலான வட்டம். லென்ஸை மெல்ல உயர்த்த உயர்த்த வட்டம் சுருங்கியது. சுருங்கச் சுருங்க வெளிச்சம் ஏறியது. கடைசியில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்து நின்றபோது என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் பச்சையாக நின்றது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து வயர்களைப் பற்றவைக்கிற ஈயக் கம்பியை எடுத்து அந்தப் புள்ளியில் நீட்டினான். கம்பி சத்தமே போடாமல் தலை குனிந்து ஒரு வெள்ளிச் சொட்டாகிக் கீழே விழுந்தது.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். பிறந்ததிலிருந்து என் தலையில் அடித்துக்கொண்டிருக்கிற வெயில்தானே இது? வடகமும் மிளகாயும் காயவைக்கிற வெயில். அதற்குள் இவ்வளவு இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. வானத்தை அண்ணாந்து பார்க்கவே கொஞ்சம் பயமாக இருந்தது.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து மணை போட்டு உட்காரவைத்தான். "அம்மா, நெருப்பு மூட்டாமயே உனக்குக் கஞ்சி காய்ச்சித் தரேன் பாரு" என்றவன், அந்தப் புத்திசாலி, என்ன செய்தான் தெரியுமா? ஒரு காய்ந்த தென்னம்பாளையை எடுத்துப் புள்ளிக்கு அடியில் வைத்தான். புகை வந்தது. அடுத்த நொடி குப்பென்று தீ. "பாத்தியா! பாத்தியா!" என்று குதித்தான்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"அறிவு கெட்டவனே" என்றேன். "நெருப்பே வேணான்னு கெடக்குறவகிட்ட நெருப்ப மூட்டிக் காட்டுறியே. நீயெல்லாம் மைக் செட் வச்சி ஊருக்கே சவுண்டு குடுக்கறே!"

அவன் பாளையை மிதித்து அணைத்துவிட்டு அசடு வழிய நின்றான். அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவே வந்து துவைக்கிற கல்லைத் தொட்டுப் பார்த்தாள். பாளை எரிந்த கரி அதில் இருந்தது.

"டேய், இத யாரு பத்த வச்சது?"

"யாரும் பத்த வைக்கலம்மா. அது வெயிலு."

"தீக்குச்சி?"

"சத்தியமா இல்ல."

அவள் கரியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு தன் நிபந்தனைகளைச் சொன்னாள். தீ வரக்கூடாது. புகை வரக்கூடாது. அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு கொசு பறந்து செத்தாலும் கஞ்சி வேண்டாம். "இதுக்கெல்லாம் சரின்னா செய். குடிக்கிறேன்."

அண்ணன் பழைய கட்டில் சட்டத்தில் மூன்று லென்ஸையும் சைக்கிள் ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினான். சட்டத்தைச் சுற்றித் தரை வரைக்கும் கொசுவலையைத் தொங்கவிட்டேன், ஓர் ஈ நுழைய இடமில்லாமல் மெஷினில் வைத்துத் தைத்தேன். ஒவ்வொரு லென்சுக்கும் கீழே ஒரு சின்ன அலுமினியச் சொம்பு. வெள்ளைச் சொம்பு வெயிலைத் திருப்பி அடிக்கிறது என்று அவற்றுக்கு எங்கள் அடுப்புக் கரியைப் பூசினான். அந்தக் கரிக்கும் அம்மாவிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. "அது ஏற்கெனவே எரிஞ்சது. போவட்டும்" என்று பெரிய மனது பண்ணினாள்.

இரவெல்லாம் ஊறிய நொய்யை அம்மியில் ஒன்றிரண்டாக அரைத்துக் கரைத்து வைத்தோம். வெயில் நகர நகர அண்ணன் கட்டிலைத் தள்ளித் தள்ளிச் சாய்த்துக்கொண்டே இருந்தான். அம்மா கையில் விசிறியோடு வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாம்பூச்சிகளை வேறு பக்கம் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. திடீரென்று அம்மா விசிறியை நிறுத்திவிட்டுக் காதைச் சாய்த்தாள்.

"கேக்குதா?"

மூடி லேசாகத் துடித்தது. உள்ளே களக் களக் என்றது. விறகு வெடிக்கவில்லை, புகையவில்லை, ஊதவில்லை, கண் எரியவில்லை. வெறும் கஞ்சி கொதிக்கிற சத்தம். நான் எத்தனையோ ஆயிரம் தடவை உலை வைத்தவள். அடியில் ஒன்றுமே இல்லாமல் கொதிக்கிற உலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். மலைத்துப் போய் நின்றேன். அம்மா வானத்தைப் பார்த்துக் கை கூப்பினாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. பிறகு அந்தக் கஞ்சியை உப்புப் போட்டு, ஊதி ஊதி, சொட்டு விடாமல் குடித்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எங்கள் தோட்டம் திருவிழாவாக இருந்தது. எதிர் வீட்டில் சாமி படங்களுக்கும் கல்யாணப் போட்டோக்களுக்கும் சட்டம் போட்டு, முகம் பார்க்கிற கண்ணாடியும் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். தினமும் ஒரு நடை வந்து எட்டிப் பார்ப்பார். "அக்கா, எனக்கும் ஒரு டீ போட்டுக் குடுக்கச் சொல்லுங்க உங்க சூரியன" என்பார். அம்மா சிரிப்பாள். அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஜாக்கெட்டின் தையலை ஒரு பக்கம் பிரித்துவிட்டேன். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அப்புறம் கார்த்திகை அடைமழை. வங்கக் கடலில் புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். வானம் ஈயப் பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது. லென்ஸ் மூன்றும் தோட்டத்தில் மழைத்தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தன. அம்மா மறுபடியும் ஊறவைத்த பயறுக்குப் போனாள். இந்தத் தடவை அதுவும் தங்கவில்லை. குடித்த தண்ணீர்கூட வெளியே வந்தது. படுத்த பாயோடு பாயாக ஒட்டிக்கொண்டாள்.

டாக்டர் வந்தார். "இன்னைக்குள்ள ஏதாவது உள்ள போய்த் தங்கலன்னா நாளைக்குப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. போற வரைக்கும் தாங்கணும்" என்று எங்களை வெளியே அழைத்துச் சொன்னார். நான் உள்ளே ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நான் அடுப்ப மூட்டி உன் வாயில ஊத்தத்தான் போறேன். பாவம் எனக்கு வரட்டும், போ!" என்று கத்தினேன். அவள் கண்ணைத் திறந்து, "நீ ஊத்துனா நான் முழுங்க மாட்டேன் கண்ணு" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். நான் அவள் மேலேயே விழுந்து அழுதேன்.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. சட்டென்று ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் விழுந்தது. வெயில்!

அண்ணன் ஓடிப்போய்க் கட்டில் சட்டத்தைத் தூக்கினான். தோட்டத்தில் அடுத்த வீட்டுச் சுவரின் நிழல் விழுந்துவிட்டதால் தெருவுக்கே தூக்கிக்கொண்டு வந்தோம். ஒரே ஒரு சொம்பில் கஞ்சிக் கரைசல். லென்ஸ்களை மேற்கே பார்க்கத் திருப்பினான். சூரியன் ராஜகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டிருந்தது. கிழவனின் கண் மாதிரி மஞ்சளாக ஒரு வெயில். புள்ளி விழுந்தது, ஆனால் அதில் பழைய கோபம் இல்லை. விரலை வைத்தால் தாங்கிக்கொள்ள முடிந்தது. "போதாது" என்றான் அண்ணன்.

அப்போது சொம்பின் மேல் இன்னொரு வெளிச்சம் வந்து விழுந்தது.

திரும்பிப் பார்த்தால் எதிரே பாய், சட்டம் போடாத ஒரு பெரிய முகக் கண்ணாடியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சூரியனை அதில் வாங்கிச் சொம்பின் மேல் அடிக்கிறார். "தம்பி, கடையில இன்னும் இருக்குது. ஆளு வேணும்" என்றார்.

நான் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. பாய் எடுத்து எடுத்துக் கொடுத்தார். சலூன்காரர் தன் கடைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். பாயின் சம்சாரம், எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள், தெரு முனையில் சைக்கிளை நிறுத்திய யாரோ, ஆளுக்கொரு கண்ணாடி. இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று ஒரே கத்தல். வீட்டுக் கூரைகள் மேலும் சுவர்கள் மேலும் வெளிச்சத் துண்டுகள் தடுமாறி ஓடின. பிறகு ஒவ்வொன்றாக வந்து சொம்பின் மேல் நின்றன. ஒன்று, அதன் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று. கரி பூசிய சொம்பு வெள்ளையாகத் தெரிந்தது. அத்தனை பேர் கையிலும் ஒவ்வொரு சூரியன். அத்தனையும் என் அம்மாவின் கஞ்சிக்கு! இதைவிடப் பெரிய ஒன்றை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

"கைய ஆட்டாத, ஆட்டாத" என்று பாய் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. யாரும் கண்ணாடியை இறக்கவில்லை. மூடி துடித்தது. களக் களக்.

"கொதிச்சிடுச்சி!" என்று நான் கத்திய அதே நேரம், எல்லாக் கண்ணாடிகளும் ஒன்றாக அணைந்தன.

ராஜகிரி சூரியனை மறைத்துவிட்டது.

அண்ணன் கஞ்சியை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் தாங்கி வந்து வாசற்படியில் சாய்த்து உட்காரவைத்திருந்த அம்மாவிடம் போனான். அம்மா மலையைப் பார்த்தாள், தலையை மெல்ல அசைத்தாள். "மறஞ்சிடுச்சிப்பா. இவ்ளோ பேரு கஷ்டப்பட்டீங்க. மன்னிச்சிடுங்க." அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மலையை இரண்டாகப் பிளந்திருப்பேன். அம்மாவைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டேன். அங்கே திண்டிவனம் ரோட்டுப் பக்கம் பனைமரங்கள் தெரிந்தன. உச்சி முதல் அடி வரைக்கும் மஞ்சள் குளித்த மாதிரி நின்றன.

"அண்ணா! அங்க இன்னும் வெயில் இருக்குதுடா! மலை நெழல் இன்னும் அங்க போவல!"

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். மறு நொடி எங்கள் வீட்டோரம் நின்ற மூன்று சக்கர வண்டியை இழுத்து வந்தான், ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிப் போகிற வண்டி. புனல் ஸ்பீக்கர் ஒன்று அதில் கட்டியபடியே இருந்தது. அம்மாவைத் தூக்கிப் பலகையில் வைத்தோம். எதற்கு, எங்கே என்று அவள் கேட்பதற்குள் நான் ஏறி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு சொம்பைத் துணியோடு பிடித்தேன். அண்ணன் மிதித்தான். பாய் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

நிழலுக்குள் ஓடினோம். கடைகள், பஸ் நிற்கிற இடம், கடைசி வீடுகள் எல்லாம் நிழல். எதிரே ரோட்டின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் சாம்பல், அந்தப் பக்கம் பொன். மலையின் நிழல் ஒரு மாடு நடக்கிற வேகத்தில் எங்களுக்கு முன்னால் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து நின்று மிதித்தான். கோட்டைத் தாண்டினோம்.

அம்மாவின் முகத்தில் வெயில் விழுந்தது. அதற்கு மேலும் ஓட்டி, பனைமரங்களையும் தாண்டி, வேர்க்கடலை போட்ட ஒரு மணிலாக் கொல்லையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தித் திருப்பினான். ராஜகிரியின் தோளில், மறைந்துபோன சூரியன் முழுசாக உட்கார்ந்திருந்தது. எங்களுக்காக மலை ஏறித் திரும்பி வந்த மாதிரி. பாய் மூச்சு வாங்கிக்கொண்டே, "யா அல்லா" என்றார்.

"தெரியுதா அம்மா?" என்றேன். "கண்ணுக்குத் தெரியுதா?"

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியுதுடி" என்றாள்.

சொம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றி ஆற்றினேன். அவசரத்தில் பாதி என் புடவையில் போனது. அவள் உதட்டில் வைத்தேன். ஒரு மடக்கு. தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு மடக்கு. நாங்கள் மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் வெளியே வரவில்லை. டம்ளர் காலியானது.

எதிரே ரோட்டில் மலையின் நிழல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பனைமரங்களின் காலடியைத் தொட்டுவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள். பிறகு காலி டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"சீக்கிரம்டி. இன்னும் கொஞ்சம் இருக்குதா?"

இருந்தது. ஊற்றினேன்.